மிஞ்சின கறியை இரண்டு வேளை கொதிக்க வைத்தால் வெளியிலேயே வைக்கலாமா?

ஜூன் 4, மாலை 6.20 (கேள்வி)

சமைத்த கறி மிஞ்சினால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு கெடுபிடி? இரவு படுக்கும் முன் தளதளவென்று ஒரு கொதி, காலையில் எழுந்ததும் ஒரு கொதி. நடுவில் மூடி போட்டு அடுப்பு மேலேயே இருக்கட்டும். கொதியில் எந்தக் கிருமி பிழைக்கும்? வாசனை மாறாத வரை மூன்று நாள் சாப்பிடலாம் என்பது என் கட்சி. தப்பென்றால் எந்த இடத்தில் தப்பு என்று சொல்லுங்கள். சும்மா பயமுறுத்த வேண்டாம்.

ஜூன் 4, இரவு 8.45

"கொதியில் எந்தக் கிருமி பிழைக்கும்?" என்ற இடத்தில்தான் தப்பு.

குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் பிழைக்கும். இறைச்சியில் இது பல நேரம் வித்தாகவே இருக்கிறது. வித்து என்றால் கெட்டி ஓட்டுக்குள் ஒடுங்கித் தூங்கும் நிலை. 100 டிகிரிக் கொதியில் அந்த ஓடு உடையாது (இந்த இழையில் நான் சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ்). உடையாதது போக, சமைக்கும் சூடு அதைத் தட்டி எழுப்பிவிடும். கொதிக்கும்போது சாற்றில் கரைந்திருந்த ஆக்ஸிஜன் வெளியேறுகிறது, போட்டிக்கு இருந்த மற்ற நுண்ணுயிர்கள் சாகின்றன. ஆக்ஸிஜன் ஆகாத இந்த ஜீவனுக்குக் காலி வீடும் கிடைத்தது, பந்தியும் போட்டாயிற்று.

43 முதல் 47 டிகிரி வரை இதற்கு மிகவும் இதமான சூடு. அங்கே ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும், மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். மூடி போட்ட பெரிய பாத்திரம் இரவு முழுக்க எந்தச் சூட்டில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஜூன் 4, இரவு 9.30

மேலே போட்ட கணக்கு கொஞ்சம் அவசரம். வித்து முளைத்து எழவே நேரம் பிடிக்கும், அதனால் முதல் நிமிடத்திலிருந்தே இரட்டிப்பு ஓடாது. 47ஐத் தாண்டினாலும், 40க்குக் கீழே போனாலும் வேகம் குறையும். 12 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். ஆனாலும் எட்டு மணி நேர இரவு அதற்குத் தாராளம்.

கேள்வி கேட்டவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. காலையில் அடி முதல் நடு வரை உண்மையாகவே கொதித்தால் இரவில் பெருகியவை செத்துப்போகும். வளர்ந்த நிலையில் அது சாதாரண பாக்டீரியாதான், 74 டிகிரி தாங்காது. வித்துகள் மட்டும் மிச்சமிருக்கும். அப்புறம் பாத்திரம் மறுபடி மெதுவாக ஆறும், மறுபடி அதே விளையாட்டு. நாளைக்கு இரண்டு கொதி என்றால் இரண்டு தடவை அதே வழுக்குமரத்தில் ஏறி இறங்குகிறீர்கள். நடுவில் ஒருவர் கரண்டி விட்டு, கொதிக்க வைக்காமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டால் முடிந்தது கதை. 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசையும், பேதியாகும். வாந்தி, காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. அதனாலேயே யாரும் கறியைச் சந்தேகிப்பதில்லை.

ஜூன் 4, இரவு 10.05

இன்னொரு ஆளை விட்டுவிட்டேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது மூக்கிலும் கைத்தோலிலும் இருப்பது. சமைத்து முடித்தபின் கறியைக் கையால் பிய்த்தாலும், ருசி பார்த்த கரண்டியைத் திரும்ப விட்டாலும் உள்ளே வந்துவிடும். இளஞ்சூட்டில் பெருகி நஞ்சைக் கறியிலேயே விட்டுவிட்டுப் போகும். காலைக் கொதி பாக்டீரியாவைக் கொல்லும், நஞ்சைத் தொடாது. அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி பிய்த்துக்கொண்டு வரும். பாக்டீரியாவின் நஞ்சை எந்தக் கொதியும் ஒன்றும் செய்யாது.

ஜூன் 5, காலை 7.10

நேற்றைய கடைசி வரியை அடித்துவிடுங்கள், தூக்கத்தில் எழுதியது. ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சு கொதி தாங்கும், சரி. பொட்டுலினம் என்ற இன்னொரு பாக்டீரியாவின் நஞ்சு தாங்காது, 85 டிகிரியில் 5 நிமிடம் இருந்தால் சிதையும் (அதன் வித்து வேறு விஷயம், அது கொதியிலும் பிழைக்கும்). பெர்ஃப்ரிஞ்சென்ஸ் நஞ்சோ பெரும்பாலும் பாத்திரத்தில் உருவாவதே இல்லை. உயிரோடு உள்ளே போன பாக்டீரியா குடலில் வித்தாக மாறும்போதுதான் அதை விடுகிறது. மூன்றும் மூன்று விதம். எது வந்திருக்கிறது என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே மூன்றுக்கும் சேர்த்துத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

ஜூன் 5, மாலை 5.40

"சரி, என்னதான் செய்வது?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஆறவிடுவதில்தான் விஷயம் இருக்கிறது. சூடு பண்ணுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், அடுப்பை அணைத்தபின் நடப்பதை யாரும் கவனிப்பதில்லை.

எல்லை 4 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. அதற்குள் சமைத்த கறி மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அறையின் வெப்பம் 32ஐத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பெரிய சமையல்கூடங்களுக்கு அமெரிக்க உணவு விதி இதையே இரண்டு படியாக வைக்கிறது: 57லிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்தில், அங்கிருந்து 5க்கு ஆறு மணி நேரத்தில். முதல் படிதான் உயிர்நாடி, ஏனென்றால் வேகமாகப் பெருகும் இடம் அதற்குள் இருக்கிறது.

செய்முறை:

அடுப்பை அணைத்ததும் சாப்பிட வேண்டியதை எடுத்துவிட்டு மிச்சத்தை உடனே கவனியுங்கள். சாப்பிட்டு முடித்துப் பேசி முடித்து வந்து பார்க்கலாம் என்றால் அந்த இரண்டு மணி நேரம் பேச்சிலேயே போயிருக்கும். பெரிய துண்டுகளைச் சாற்றிலிருந்து தூக்கி அகலத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். முழுத் தொடை மாதிரி இருந்தால் எலும்பை எடுத்துவிட்டு அறுத்துவிடுங்கள். சாற்றை அகலமான பாத்திரத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். எவர்சில்வர் என்றால் சூடு வேகமாக இறங்கும், பிளாஸ்டிக் சூட்டைப் பிடித்து வைக்கும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள், வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே இருக்கும் சாற்றின் மட்டத்துக்கு வர வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பானால் மாற்றுங்கள். கடைசித் தண்ணீரில் ஐஸ் இருந்தால் நல்லது.

உயரம் ஏன் முக்கியம்? கெட்டியான குழம்போ கறித்துண்டோ, நடுவிலிருக்கும் சூடு விளிம்புக்கு ஊர்ந்துதான் வர வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 10 சென்டிமீட்டர் ஆழத்தை 5 ஆக்கினால் நேரம் கால்வாசி. இதைவிட மலிவான சாதனம் எதுவும் இல்லை. தண்ணியான சாறு தானே உள்ளுக்குள் சுழலும், அதற்கு இந்தக் கணக்கு அவ்வளவு கறாராகப் பொருந்தாது.

இன்னொரு வழி: ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி உறையவைத்து, வெளிப்பக்கம் நன்றாகக் கழுவி, சாற்றுக்குள் விட்டுக் கிளறுவது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஒரு லிட்டர் தண்ணீரை 80 டிகிரி இறக்கும் அளவு சூட்டை விழுங்கும். ஐஸ்கட்டியை நேராகச் சாற்றில் போட்டாலும் இதே வேலைதான் நடக்கும், ஆனால் கறி நீர்த்துவிடும். பாட்டில் கொதிச்சூட்டைத் தாங்கும் வகையாக இருக்கட்டும், உள்ளே வெடித்தால் எல்லாம் போச்சு.

ஜூன் 5, இரவு 9.15

"சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகும்" என்று மேலே ஒருவர்.

பாதி உண்மை. கணக்கைப் பார்ப்போம். 80 டிகிரியில் இருக்கும் 5 லிட்டரை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,575 கிலோஜூல் சூட்டை எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் நொடிக்கு 100 ஜூல் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 4 மணி 20 நிமிடம் ஆகும், அதுவும் வேறு எதையும் குளிர்விக்காமல். அதற்குள் பக்கத்தில் இருக்கும் பாலும் மற்றதும் வெதுவெதுப்பாகிவிடும். அதே சூட்டில் ஒரு லிட்டர் என்றால் 50 சொச்சம் நிமிடம், தாங்கிக்கொள்ளும். ஆக, சின்ன, தட்டையான டப்பாவை ஆவி அடங்கியதும் உள்ளே வைக்கலாம். அண்டாவை வைக்கக் கூடாது. "அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் உள்ளே வைக்க வேண்டும்" என்று காத்திருப்பதுதான் இரண்டில் ஆபத்தான பழக்கம்.

உள்ளே வைத்த முதல் ஒரு மணி நேரம் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள், டப்பாக்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள், சுற்றிக் காற்று ஓட இடம் விடுங்கள். குளிர்ந்தபின் இறுக்கி மூடலாம். சமைத்தது மேல் தட்டில், பச்சை இறைச்சி கீழ்த் தட்டில். கதவுத் தட்டு வேண்டாம், ஃப்ரிட்ஜிலேயே வெப்பம் கூடிய இடம் அதுதான்.

ஜூன் 6, காலை 6.50

2 மணி, 6 மணி என்று எழுதியதை ஒருவர் கூட்டி 8 மணி நேரம் ஆக்கிவிட்டார். என் வாக்கியத்தின் குற்றம்தான். தொடக்கத்திலிருந்து மொத்தமே ஆறு மணி நேரம், முதல் இரண்டும் அதற்குள் அடக்கம்.

ஜூன் 6, காலை 11.30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: "மேலே நெய் மாதிரி கொழுப்பு ஆடை கட்டிவிடுகிறதே, அது காற்றுப் புகாத மூடிதானே?"

காற்றுப் புகாது, உண்மை. யாருக்குக் காற்று ஆகாது என்று முதல் பதிவில் சொன்னேனே, அவர்களுக்கு நீங்கள் கதவைச் சாத்திக் கொடுக்கிறீர்கள். இன்னும் ஒன்று: திரவமாக இருக்கும்போதே அந்தக் கொழுப்பு போர்வை மாதிரி சூட்டைத் தக்கவைக்கும், சாறு ஆறுவது தாமதமாகும். ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரியில் இருக்கும்போது அதே ஆடை நல்லது, ருசி கெடாமல் காக்கும். வெளியே அது பாதுகாப்பு இல்லை.

அடுப்பு மேலேயே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே வழி, நடுப்பகுதி 60க்குக் கீழே இறங்காமல் தீ எரிந்துகொண்டே இருப்பது. காலையில் பாத்திரத்தில் கறி இருக்காது, கயிறு இருக்கும்.

ஜூன் 6, இரவு 8.20

வாசனை பற்றி. கெட்ட வாடையும் பிசுபிசுப்பும் தருவது சூடோமோனாஸ் போன்ற கெடுப்பான்கள். அவை இருந்தால் தூக்கிப் போடுங்கள், விவாதம் வேண்டாம். ஆனால் ஆளைப் படுக்கவைக்கும் அளவு பெர்ஃப்ரிஞ்சென்ஸ் இருந்தாலும் கறி மணக்க மணக்க இருக்கும். மூக்கு "வேண்டாம்" என்றால் நம்புங்கள், "சரி" என்றால் நம்பாதீர்கள்.

நேர்மாறாக, மெல்லியதாக அறுத்த குளிர்ந்த கறியில் மயில்கழுத்துப் பச்சை பளபளப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அறுபட்ட தசைநாரின் வரிசையில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது அது. தட்டைச் சாய்த்தால் நிறம் மாறும் அல்லது மறையும். பூஞ்சைப் பச்சை எப்படிச் சாய்த்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

ஜூன் 7, காலை 7.30

எத்தனை நாள்? அமெரிக்க வேளாண்மைத் துறை 3 முதல் 4 நாள் என்கிறது. பிரிட்டனின் உணவுத் தர முகமை 48 மணி நேரம் என்கிறது. கறி ஒன்றுதான், எச்சரிக்கையின் அளவுதான் வேறு. ஃப்ரிட்ஜ் உண்மையாகவே 4 டிகிரியில் நிற்கிறது என்று அளந்து தெரிந்தவர் மூன்று நாள் போகலாம். அளக்காதவர் இரண்டோடு நிறுத்துங்கள்.

நாள் கணக்கு ஏன் இருக்கிறது என்றால் லிஸ்டீரியா. குளிரிலும் மெதுவாக வளரும் ஆள் இது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மிஞ்சின கறியைக் குளிர்ந்தபடியே தின்னக் கூடாது, ஆவி பறக்கச் சூடாக்கித்தான். மற்றவர்கள் முறையாக ஆறவைத்ததைக் குளிராகவும் சாப்பிடலாம்.

ஜூன் 7, மாலை 4.10

சூடாக்குவது. நடுவில் 74 டிகிரி, சாறுள்ளது என்றால் முழுப் பாத்திரமும் புரண்டு கொதிக்க வேண்டும். ஓரத்தில் குமிழி வந்ததும் அணைத்துவிடுவது கொதி ஆகாது. கெட்டிக் குழம்பு அடியில் குமிழி விடும்போது நடுவில் 50 டிகிரிதான் இருக்கலாம்.

மைக்ரோவேவ் அலை மேலிருந்து சில சென்டிமீட்டர்தான் உள்ளே போகும், அதுவும் சீராகப் போகாது. துண்டுகளை 2 சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, தட்டின் ஓரத்தில் வளையமாக அடுக்கி நடுவைக் காலியாக விடுங்கள். ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, ஆவி போகச் சிறு வழி விட்டு மூடுங்கள். பாதியில் எடுத்துக் கிளறுங்கள். முடிந்தபின் 2 நிமிடம் மூடியபடியே நிற்கட்டும், சூடு அந்த நேரத்தில்தான் பரவும். பிறகு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள்.

மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் குளிர்ந்த கறியைச் சூடாக்காதீர்கள். ஆபத்தான இடத்தை அது ஆடி அசைந்து கடக்கும். அடுப்பில் கொதிக்கவைத்தபின் சூட்டைத் தக்கவைக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

எத்தனை முறை சூடாக்கலாம் என்ற கேள்விக்கு: ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை சூடாக்கியதும் நஞ்சாகிவிடாது. ஒவ்வொரு முறையும் இன்னொரு ஆறும் நேரம் சேர்கிறது, அதுதான் காரணம். வேண்டியதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு எடுத்துச் சூடாக்கினால் இந்தக் கேள்வியே எழாது.

ஜூன் 7, இரவு 10.40

"பாதுகாப்பெல்லாம் சரி, மறுநாள் கறியில் ஒரு பழைய அட்டைப்பெட்டி வாடை வருகிறதே?"

நல்ல கேள்வி, கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1958இல் டிம்ஸ், வாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த மறுசூட்டு வாடைக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். சமைக்கும்போது தசையிலிருந்து விடுபடும் இரும்பு, செல்சவ்வின் கொழுப்பைக் காற்றோடு சேர்த்து ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. நிறைவுறாக் கொழுப்பு கூடின கோழியிலும் மீனிலும் சீக்கிரம் வரும். ஃப்ரிட்ஜ் இதை நிறுத்தாது, தாமதப்படுத்தும்.

தடுக்க ஒரே தத்துவம்: காற்றைத் தள்ளி வை. துண்டுகளைச் சாற்றிலேயே மூழ்கவைத்துச் சேமியுங்கள் (ஆறவைக்கும்போது பிரித்தோம், குளிர்ந்தபின் சேர்க்கிறோம், முரண் இல்லை). சாறில்லாதது என்றால் உறையை ஒட்ட அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். முழுத் துண்டாக வையுங்கள், சாப்பிடும்போது நறுக்குங்கள். நைட்ரைட் போட்டுப் பதப்படுத்திய இறைச்சியில் இந்த வாடை வருவதில்லை, நைட்ரைட் அந்த இரும்பைக் கட்டிப்போட்டுவிடும்.

வாடை வந்தாயிற்று என்றால் வெறுமனே சூடாக்காதீர்கள். புளிப்பும் காரமும் உள்ள சாற்றில் கலந்துவிடுங்கள். மறையும், போகாது.

ஜூன் 8, காலை 9.00

மறுபடி சமைப்பதில் ஒரே பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது: வெந்த கறியை வேகாத கறி மாதிரி முதலிலேயே போடுவது. கொழுப்பில்லாத நெஞ்சுக்கறி நாற்பது நிமிடம் மறுபடி கொதித்தால் பிழிந்த துணிதான். தசைநாரை குறுக்காக 3, 4 மில்லிமீட்டர் தடிமனில் அறுத்து, கொதிக்கும் சாற்றில் கடைசியாகப் போட்டு, சாறு மறுபடி புரண்டு கொதித்ததும் இறக்குங்கள். அந்தத் தடிமனுக்கு 74 டிகிரி ஒரு நிமிட வேலை. கணுக்கால், கழுத்து போன்ற சவ்வுக் கறிக்கு இந்தப் பதற்றம் வேண்டாம். சவ்வு ஏற்கெனவே ஜெலட்டினாக உருகியிருக்கும், இரண்டாம் கொதியில் இன்னும் இணங்கும்.

வறுத்தது என்றால் ஓவனில் கம்பித்தட்டின் மேல், 180 முதல் 200 டிகிரியில். மைக்ரோவேவில் உள்ளிருக்கும் ஆவி மேல்தோலில் வந்து தங்கி நமத்துவிடும். அரைத்து உருண்டை பிடிக்கிறீர்களா, கவனம்: மேற்பரப்பில் இருந்ததெல்லாம் இப்போது உள்ளே போய்விட்டது, உருண்டையின் நடுப்பகுதி 74ஐத் தொட்டே ஆக வேண்டும்.

பழையதைப் புதுச் சமையலில் கலந்தால் மொத்தத்துக்கும் பழையதின் தேதிதான்.

ஜூன் 8, மாலை 6.30

நாய்க்குப் போடலாமா என்று ஒருவர். மனிதருக்கு ஆகாது என்று ஒதுக்கியதை நாய்க்கு மட்டும் ஏன் தள்ளுகிறீர்கள்? நல்ல கறியாகவே இருந்தாலும் வெங்காயம், பூண்டு சேர்ந்திருந்தால் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். வெந்த எலும்பு ஊசியாகப் பிளக்கும். இதைக் கேட்டால் நாய் என்னைக் கடிக்க வரும், தெரியும்.

ஜூன் 9, காலை 8.15

உறையவைப்பது. மைனஸ் 18 டிகிரியில் எதுவும் வளராது, பாதுகாப்புக்குக் காலவரை இல்லை. ருசிக்கு உண்டு: சாறுள்ளது இரண்டு, மூன்று மாதம். உறைந்ததால் கிருமி சாகும் என்று நினைக்காதீர்கள், தூங்கும். எந்த நிலையில் உள்ளே போனதோ அதே நிலையில் வெளியே வரும், ஆகவே மூன்றாம் நாள் "இனி தாங்காது" என்று உறையவைப்பதில் பயனில்லை. முதல் நாளே வையுங்கள்.

ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பையில் 2 சென்டிமீட்டர் தடிமனில் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். டப்பா என்றால் மேலே 2 சென்டிமீட்டர் காலி விடுங்கள், தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும். வெளிறின வறண்ட திட்டுகள் காற்றுப்பட்டு ஈரம் பறந்ததன் அடையாளம். கெடுதல் இல்லை, சப்பென்று இருக்கும்.

இளக்குவது ஃப்ரிட்ஜுக்குள், இரவு முழுக்க. அவசரம் என்றால் ஒழுகாத பையில் குளிர்ந்த தண்ணீரில், அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி. அரை கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். சமையல் மேடையில் வைத்து இளக்கினால் ஓரம் 25 டிகிரியில் இருக்கும்போது நடுவில் இன்னும் பனிக்கட்டி. சாறுள்ளதை இளக்காமல் நேராகவே அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடலாம்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. உள்ளே இன்னும் பனித்துகள் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம்.

ஜூன் 9, இரவு 9.50

மதியச் சாப்பாட்டுக்குச் சூடாகக் கொண்டுபோவோர்: வெந்நீர்க் குடுவையில் கொதிதண்ணீர் ஊற்றி 10 நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க இருக்கும் கறியை வாய்வரை நிரப்புங்கள். பாதிக் குடுவை சீக்கிரம் ஆறும். திறக்கும்போது 60க்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் குடுவை தாங்குமா என்று ஒருநாள் வெறும் வெந்நீரை ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜூன் 10, காலை 7.05

"74, 60 என்று அடுக்குகிறீர்கள், எதை வைத்து அளப்பது?" குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி. நம்பும் முன் சோதியுங்கள்: டம்ளர் நிறைய நொறுக்கின ஐஸ், இடைவெளி நிரம்பத் தண்ணீர், கிளறி ஒரு நிமிடம் கழித்து முனையை நடுவில் நிறுத்தினால் 0 காட்ட வேண்டும். கறியில் குத்தும்போது முனை எலும்பில் இடிக்கக் கூடாது, பாத்திரத்தின் அடியிலும் படக் கூடாது. ஃப்ரிட்ஜை அளக்க, நடுத்தட்டில் டம்ளர் தண்ணீருக்குள் அதை வைத்து மறுநாள் காலை பாருங்கள். கதவு திறந்ததும் மாறுவது காற்றின் அளவு, தண்ணீரின் அளவுதான் கறியின் அளவு.

ஜூன் 10, காலை 7.20

தேதிச் சீட்டு ஃப்ரீசரில் உதிர்ந்துவிடுகிறது என்றவருக்கு: டப்பா குளிர்வதற்கு முன், காய்ந்த பரப்பில் ஒட்டுங்கள். உறைந்தபின் ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது. மூடியில் ஒட்டாதீர்கள், மூடிகள் இடம் மாறும்.